பைப் போட்டு இறுக்கிய போல்ட்

என் செல்ல நூருக்கு,

உன்னிடம் சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. இந்த மூன்று வருஷமும் உன்னைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டே பேசுகிறார்கள். நூர்ஜஹான் டீச்சர் தங்கமானவங்க, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாங்க என்கிறார்கள். நீயா? நீ பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினால் பக்கத்து அறையில் என் அறிவியல் வகுப்பு நின்றுபோகுமே, அதை எப்படி மறந்தார்கள்? செத்துப்போனவர்களை இப்படிச் சாதுவாக்கிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. நான் சத்தமாகத்தான் பேசப்போகிறேன். மற்றவர்கள் காதில் விழுந்தால் விழட்டும்.

விஷயம் உன் வண்டி. நீ போனபிறகு உன் தம்பி கையெழுத்துப் போட்டு என் பெயருக்கு மாற்றிக்கொடுத்தானே, அதே வண்டி. அதன் ஆர்.சி. புத்தகம் இந்த மாதத்தோடு முடிகிறது. பழைய வண்டி என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய், ஓட்டிக் காட்டி, புதுப்பிக்க வேண்டும். உனக்குத் தெரியாததா? போன தடவை நீதான் கொண்டுபோனாய். இந்தத் தடவை என் முறை.

ஆனால் வண்டி இரண்டாவது கியரில் நிற்கமாட்டேன் என்றது. போட்டால் விழும், கொஞ்சம் வேகம் பிடித்ததும் டொக்கென்று நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும். ஆர்ச் கேட் தாண்டித் திரும்புகிற இடத்தில் ஒருநாள் அப்படி நழுவி, எனக்குப் பின்னால் வந்த பஸ்காரன் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

என் மகன் முகிலன் கோவையிலிருந்து வந்திருந்தபோது இதைச் சொல்லித் தொலைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

“அம்மா, உனக்கு அறுபத்து நாலு. அந்த வண்டிக்கு முப்பத்தாறு. ரெண்டு பேரும் ரோட்டுல போறது யாருக்கும்மா நல்லது?”

“ரெண்டு பேரையும் கூட்டிப்பார்த்தா நூறு வருது. நல்ல நம்பர்தான்.”

“கிண்டல் பண்ணாத. பேட்டரி ஸ்கூட்டர் ஒண்ணு வாங்கித் தரேன். கியர் கிடையாது, கிக்கர் கிடையாது, சத்தம் கிடையாது.”

சத்தம் இல்லாத ஒன்றை எனக்கு வாங்கித் தருகிறானாம். உன் கூட இருபத்தாறு வருஷம் பின்சீட்டில் உட்கார்ந்து வந்த எனக்கு! வாக்குவாதம் முற்றிப்போய், கடைசியில் நான்தான் வாயைக் கொடுத்தேன். “சரிடா. திங்கட்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசுல ஃபெயில் ஆச்சுன்னா, நானே எடைக்குப் போட்டுட்டு உன் ஸ்கூட்டர்ல ஏறிக்கறேன். பாஸ் ஆச்சுன்னா இந்தப் பேச்சை நீ எடுக்கவே கூடாது.” அவன் சிரித்துக்கொண்டே கை கொடுத்தான். சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இது நடந்தது புதன்கிழமை. கையில் இருந்தது நாலு நாள்.

அடுத்த நாள் காலையில் மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் செல்வத்திடம் வண்டியைக் கொண்டுபோனேன். செல்வத்தை உனக்குத் தெரியும், என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சு. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்.

“டீச்சர், கியர் ஆயில் எப்ப மாத்துனீங்க?”

மேலே ஊற்றிக்கொண்டே வருகிறேன் என்றேன்.

“மேல ஊத்தறது இருக்கட்டும், கீழ எப்ப எறக்குனீங்க?”

இறக்கவே இல்லை, நூரு. உன் வண்டி பெட்ரோலோடு எண்ணெயும் குடிக்கிற பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி; அந்த எண்ணெய் வேறு, கியர்பாக்ஸுக்குள் இருக்கிற எண்ணெய் வேறு என்று நீ நூறு தடவை சொல்லியிருக்கிறாய். வருஷத்துக்கு ஒரு முறை அடியில் இருக்கிற போல்ட்டைத் திறந்து பழசை வடித்துவிட்டுப் புதுசு ஊற்ற வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். வடிக்கவில்லை. ஏனென்றால் அது நீ ஊற்றிய எண்ணெய். இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. பஜ்ஜி போட்ட எண்ணெயை மாற்றாமல் அதிலேயே மேலே மேலே ஊற்றிப் பொரித்தால் என்ன ஆகும் என்று வகுப்பில் கேட்கிறவள் நான்.

செல்வம் படுத்து, ரிங் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினான். போல்ட் அசையவில்லை. இன்னொரு முறை. ஸ்பேனர் வழுக்கி, போல்ட் தலையின் மூலைகளில் கொஞ்சத்தை வழித்துக்கொண்டு வந்தது. எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்தான்.

“இன்னா டீச்சர் இது, வெல்டிங் வெச்ச மாரி புடிச்சிகினு இருக்குது. எவன் இறுக்குனான் இத? மனுசன்தானா அவன்?”

“ஏன்டா?”

“பைப் போட்டு இறுக்கி இருக்கான் டீச்சர். ஸ்பேனர் புடியில ரெண்டடி பைப்ப சொருவி இறுக்கினாதான் இப்பிடி ஆவும்.”

எவனாக இருந்தாலும் அறிவு கெட்டவன் என்று நானும் சேர்ந்து திட்டினேன். செல்வம் உள்ளே போய் ஒரு பைப்பை எடுத்துக்கொண்டு வந்தான். இறுக்கியவனைத் திட்டிய வாய் மூடுவதற்குள், கழற்றவும் அதே பைப்! வேண்டாம் என்றேன். அப்படியென்றால் உளியை வைத்துத் தட்டிவிடலாம் என்றான். அடிப்பக்கம் அலுமினியம், ஒரு தட்டில் விரிசல் விட்டால் எஞ்சினே போச்சு. அதுவும் வேண்டாம் என்றேன்.

“அப்ப எடைக்குப் போட்டுடுங்க டீச்சர். கோச்சிக்காதீங்க. இந்த வண்டிக்கு இதுதான் விதி.”

“திருப்புத்திறன் பாடத்துல நீ எவ்வளவு மார்க்குடா?”

“அத ஏன் இப்ப கேக்கறீங்க?” என்றான் தலையைச் சொறிந்துகொண்டு.

வண்டியை உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். முதல் கியரிலேயே ஓட்டி வந்திருக்கலாம். கோபத்தில் தோன்றவில்லை.

வீட்டு ஓனர் தேவராஜ் வாசலில் நின்றார். சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நீ இருக்கும்போதே நான் குடிவந்த வீடுதான். அவரை நீ ‘நாற்பத்தாறு’ என்று கூப்பிடுவாய். அவர் வீட்டு ஸ்பேனர்களில் சின்னதே நாற்பத்தாறாம் நம்பர்தான் என்பாய். கதையைக் கேட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஃபிட்டரிடம் கழலாத போல்ட் ஒன்று இருக்கிறது என்று சொல்வது, பென்ஷன் உயர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல.

“நகருங்க டீச்சர். நாங்க கன்வேயர்ல பார்க்காத போல்ட்டா? ஒரு ஆள் ஸ்பேனரப் புடிச்சிக்குவான், நாலு ஆள் பைப்புல தொங்குவோம். வராம எங்க போவும்?”

“அந்த போல்ட் என் இடுப்பு அளவு இருக்கும் சார். இது என் கட்டைவிரல் அளவு.”

“போல்ட்டுன்னா போல்ட்டுதானுங்க.”

அவரும் மூன்றடி பைப் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார். இந்தச் சுரங்க ஊரில் இதுதான் தொல்லை, நூரு. பெரிய இயந்திரத்தோடு பழகிய கைகள். அங்கே ஒரு போல்ட் தளர்ந்தால் ஷிஃப்டே நின்றுபோகும், ஆளுக்கே ஆபத்து, அதனால் உயிரைக் கொடுத்து இறுக்குவார்கள். அதே கையோடு வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குழாயையும் சைக்கிள் சக்கரத்தையும் குக்கர் பிடியையும் இறுக்குவார்கள். பிளாக்குக்குப் பிளாக் குவார்ட்டர்ஸில் எத்தனை குழாய் மரை போயிருக்கும் தெரியுமா? எல்லாம் அக்கறையால் போனவை.

பைப்பைத் தொடக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எவன் இறுக்கியிருப்பான், எவன் என்று யோசித்துக்கொண்டே டீ போட்டேன். டீ பொங்கி அடுப்பில் வழிந்தபோது தெரிந்துவிட்டது.

எவனும் இல்லை. நாம்தான்.

உனக்கு மூன்றாவது கீமோ ஊசி போட்டு முடிந்த மாதம். விரல் நுனியெல்லாம் மரத்துப்போய், சட்டைப் பொத்தான் போடக்கூட நீ தடுமாறிய மாதம். வண்டிக்கு ஆயில் மாற்றும் தேதி வந்துவிட்டது என்று நீ அடம்பிடித்தாய். செல்வத்திடம் விடலாம் என்றேன். என் வண்டியை நான்தான் பார்ப்பேன் என்றாய். பழசை வடித்து, போல்ட்டை மாட்டி, ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே கேட்டாய்.

“இறுகிச்சாடி? எனக்கு ஒண்ணும் தெரியல.”

“இறுகிடுச்சு.”

“பொய் சொல்லாத. ஒழுகினா நடுரோட்ல கியர் புடிச்சிக்கும். நீதான் ஓட்டப்போற.”

தேவராஜ் வீட்டுப் பைப்பை வாங்கி வரச் சொன்னாய். வாங்கி வந்தேன். ஸ்பேனர் பிடியில் சொருகினோம். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். “இன்னும்”, “இன்னும்” என்றாய். போல்ட் இறுகி முடிந்தது என் கைக்குத் தெரிந்தது, நூரு. சத்தியமாகத் தெரிந்தது. முப்பது வருஷம் திருப்புத்திறன் நடத்தினவள். கதவின் கைப்பிடி ஏன் கீலிலிருந்து தள்ளி இருக்கிறது என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளையை எழுப்பிக் கதவைத் தள்ளச் சொன்னவள். பிடியின் நீளத்தை மூன்று மடங்காக்கினால் போல்ட்டின் மேல் விழுவதும் மூன்று மடங்கு என்று தெரிந்தும் அழுத்தினேன். உன் விரல் உன்னிடம் சொல்லாததை நான் சொன்னால், அது ஏதோ பெரிய தீர்ப்பைச் சொல்வதுபோல இருக்கும் என்று பயந்தேன். நீ கேட்டவரைக்கும் அழுத்தினேன்.

அதுதான் சண்டை. ஏன் பைப் கேட்டாய்? நான் ஏன் கொடுத்தேன்? பாவம், முகம் தெரியாத எவனையோ செல்வமும் நானும் சேர்ந்து அப்படித் திட்டினோம்.

அடுப்பைத் துடைத்துவிட்டு வெள்ளிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். அழுதுகொண்டு உட்கார எனக்கு நேரமில்லை.

எல்லாரும் பிடியைத்தான் பார்க்கிறார்கள். ஸ்பேனரின் வாய் எங்கே கடிக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. போல்ட்டோ வண்டிக்கு அடியில் இருக்கிறது. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எவ்வளவு குனிந்தாலும் தெரியாது. எட்டிப் பார்க்க முடியாததை அச்சு எடுத்துப் பார்க்கலாம் அல்லவா? பல் டாக்டர் செய்வதுபோல. கோதுமை மாவைச் சப்பாத்திப் பதத்துக்குக் கெட்டியாகப் பிசைந்து, பாயை விரித்துப் படுத்து, போல்ட் தலையில் அழுத்தி எடுத்தேன்.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்ததும் படுத்திருந்த இடத்திலேயே கைதட்டினேன். தலையின் மூலைகள் முழுக்கப் போகவில்லை! வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாதிதான் வழிந்திருந்தது. எஞ்சினை ஒட்டியிருந்த உள்பாதியில் ஆறு மூலையும் நேற்று செய்ததுபோல் கூர்மையாக இருந்தன. அந்த இடத்தை எந்த ஸ்பேனரும் தொடவே இல்லை.

ஏன் தொடவில்லை? கடைத்தெருவுக்குப் போய், போல்ட் தலையை மூடிபோல் கவ்வுகிற சாக்கெட், பத்தொன்பதாம் நம்பரில் ஒன்று கேட்டேன். கடைக்காரர் உள்ளே பன்னிரண்டு பல் இருக்கிறதை எடுத்து வைத்தார். ஆறு மூலை உள்ளது வேண்டும் என்றேன்; பன்னிரண்டு பல் மூலையை மட்டும்தான் கவ்வும், ஆறு மூலை உள்ளது பக்கத்தையே பிடிக்கும்.

“எல்லாம் ஒண்ணுதாம்மா. வூட்ல சாரு எத வாங்கியாரச் சொன்னாரு?”

“வீட்டுல சார் நான்தாங்க.”

ஆறு மூலையை எடுத்துக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அந்தச் சாக்கெட்டின் வாய்க்குள்ளும் மாவை அழுத்தி எடுத்தேன். இரண்டு மாவுக் கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது திருடன் பிடிபட்டான். சாக்கெட்டின் உள்விளிம்பு நேராக இல்லை. புனல்போல் சரிவாகச் செதுக்கியிருக்கிறார்கள்; செல்வத்தின் ரிங் ஸ்பேனருக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். போல்ட் தலையில் சுலபமாக நுழையட்டும் என்பதற்காக அந்தச் சரிவு. உயரமான தலையுள்ள போல்ட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை. நம் போல்ட்டின் தலையோ பிஸ்கட் போல மெலிசு. சரிவு முடிந்து சாக்கெட் பிடிக்கத் தொடங்குவதற்குள் பாதித் தலை முடிந்துவிடுகிறது. ஒரு வளையல் மணிக்கட்டு வரைக்கும் ஏறாமல் விரல் நுனியிலேயே நின்று சுற்றுவதுபோல.

அப்படியானால் சரியான கருவி கடையில் இல்லை. இருக்கிற கருவியின் வாயைத் தட்டையாகத் தேய்த்துச் சரிவை எடுத்துவிட்டால், அதுவே சரியான கருவி. இவ்வளவுதான் விஷயம். உனக்குச் சொல்லவேண்டும்போல் எவ்வளவு துடித்தது தெரியுமா? போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போய்விட்டேன்.

லேத் பட்டறையில் தேய்க்கமாட்டேன் என்றார்கள். சாக்கெட் இரும்பு ரொம்பக் கடினம், லேத்தின் வெட்டு முனை மழுங்கிவிடுமாம். நியாயம்தான். அங்கிருந்து மீன் மார்க்கெட் பக்கம் நடந்தேன். அங்கே நாகம்மாள் என்று ஒரு பெண்மணி, மோட்டார் வைத்த சாணைக் கல்லில் கறிக்கடைக் கத்தியும் அரிவாளும் தீட்டுகிறவர். சாக்கெட்டை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, கத்தியும் இல்ல கத்திரியும் இல்ல. இத தீட்டி யார வெட்டப்போற?”

வெட்ட இல்லை என்றேன். மாவுக் கட்டிகளை டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துக் காட்டினேன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒரே நிமிஷத்தில் புரிந்துகொண்டார். வகுப்பில் நாற்பது பேருக்குப் படம் போட்டு விளக்கினாலும் நாலு பேருக்குத்தான் இப்படிக் கண் மின்னும்.

“வாய மட்டும் சமம் பண்ணணும். அதான? சேரி ஒக்காரு. அவசரப்பட்டா ஆவாது. சூடேறி நீலம் பாய்ஞ்சிதுன்னா இரும்பு செத்துரும், அப்பறம் ஒன் போல்ட்டு இத தின்னுடும்.”

கொஞ்சம் தேய்ப்பார், தண்ணீரில் முக்குவார், கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். கறிக்கடைக்காரர் ஒருவர் கத்தியோடு வந்து நின்று, “இன்னும் எவ்ளோ நேரம்கா?” என்றார். “ஆடு ஓடிடப் போவுதா? நில்லு” என்றார் நாகம்மாள், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“வண்டி யார் ஓட்டறது?” என்று என்னிடம் கேட்டார்.

“நான்தான்.”

“நெஜமாவா? கியரு வண்டியா?” என்றவர், இன்னும் ஒரு தடவை தேய்த்துக் கொடுத்தார். “அப்ப நல்லா சமமாவே இருக்கட்டும்.”

சனிக்கிழமை காலை. எஞ்சினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டேன். சூட்டில் எண்ணெயும் இளகும், அலுமினியமும் கொஞ்சம் விரிந்து பிடி தளரும். நைட்டிக்குக் கீழே உன்னுடைய பழைய சல்வாரைப் போட்டுக்கொண்டு பாயில் படுத்தேன். தேவராஜ் பைப்போடு வந்துவிட்டார்.

“சார், அதைக் கீழே வையுங்க. வந்து வண்டியை ஆடாமப் பிடிச்சுக்குங்க. உங்க ரப்பர் சுத்தியலைக் கொடுங்க.”

“பைப் இல்லாம வராது டீச்சர். சொல்றதக் கேளுங்க.”

“வரலைன்னா திங்கட்கிழமை இதை எடைக்குப் போடப்போறேன். நீங்களே தூக்கிக்கிட்டுப் போய்ப் போடலாம். இப்பப் பிடிங்க.”

பிடித்தார். சாக்கெட்டை மேலே தள்ளினேன். விளிம்பு எஞ்சினைத் தொடும்வரை போய், ஆட்டமே இல்லாமல் உட்கார்ந்தது. சாவி பூட்டில் உட்காரும்போது கைக்கு ஒரு நிம்மதி தெரியுமே, அப்படி. சாதாரணப் பிடி, ஒரு முழம்கூட இல்லை. சுத்தியலால் ஒரு தட்டு. இல்லை. இன்னொன்று. இல்லை. தேவராஜ் தொண்டையைக் கனைத்தார். மூன்றாவது தட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

“ஒடஞ்சிட்டுது!” என்றார்.

“வந்துட்டுது” என்றேன்.

விரலாலேயே திருகிக் கழற்றினேன். எண்ணெய் கொட்டியது. பழைய கடுங்காப்பி நிறம்; அதில் நெற்றிக்கு வைக்கிற ஜிகினாப் பொடிபோல இரும்புத் தூள் மின்னியது. இரண்டாவது கியரைத் தின்றுகொண்டிருந்தது அந்தத் தூள்தான். நீ ஊற்றியது என்று நான் பத்திரப்படுத்தி வைத்திருந்த எண்ணெய் உன் வண்டியையே அரைத்துக்கொண்டிருந்தது, நூரு. அதை ஒரு பாட்டிலில் பிடித்து வைக்கலாம் என்று ஒரு கணம் மனம் போனது. வைக்கவில்லை. வடிந்து முடிந்ததும் நேராகச் செல்வம் கடைக்குக் கொண்டுபோய்க் கழிவு எண்ணெய் டிரம்மில் கவிழ்த்துவிட்டு வந்தேன். உனக்குத் துக்கம் காக்க எனக்கு வேறு வழி இருக்கிறது.

செல்வம் சாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். வாயைத் தடவினான். “இன்னொண்ணு தேச்சி வாங்கியாந்து குடுங்க டீச்சர், கடைக்கு” என்றான். நாகம்மாள் இருக்கிற இடத்தைச் சொன்னேன். தானே போகட்டும்.

புதுச் செம்பு வாஷர் போட்டு, போல்ட்டை மாட்டி, மேலே புது எண்ணெயை அளந்து ஊற்றினேன். டவுன்ஷிப்புக்குள் ஆளில்லாத ஒரு ரோட்டில் மேலும் கீழும் போய் வந்தேன். முதல் நாளில் இரண்டு தடவை நழுவியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை. உள்ளே தேய்ந்தது தேய்ந்ததுதான், எண்ணெய் மாற்றினால் பல் முளைக்காது, எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை அப்படியே கிளம்பினேன். இதை முகிலனிடம் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் நான் ஒருத்திதான் பெண். இன்ஸ்பெக்டர் சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், லைட், ஹாரன், பிரேக் பார்த்தார். இளவயதுக்காரர், களைத்துப்போயிருந்தார்.

“ஓட்டிக் காட்டணும்மா. ஆளைக் கூப்பிடுங்க.”

“நான்தான் ஆள்.”

என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். “வேற யாரும் வரலையா? பையன், டிரைவர் யாராவது...”

“என் பேர்ல வண்டி, என் பேர்ல லைசென்ஸ். வேற யார் சார் ஓட்டணும்?”

வரிசையில் நின்ற ஒருவன், “கெளவி கெத்து காட்டுது மாமே” என்றான். சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. நீ முதன்முதலில் இந்த வண்டியில் பள்ளிக்கூட வாசலில் வந்து இறங்கிய அன்று ஸ்டாஃப் ரூமில் பேசியதை நான் கேட்டவள்; இது அதில் கால்வாசி கிடையாது. உன் ஜாதி சனமும் பேசியது, என் ஜாதி சனமும் பேசியது. அந்த ஒரு விஷயத்தில் ரெண்டு பக்கமும் எவ்வளவு ஒற்றுமை!

“அந்தக் கம்பம் வரைக்கும் போய், ரெண்டாவதுலயே திரும்பி வாங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

உதைத்தேன், பற்றியது. முதல் கியர். இரண்டாவது கியர். கம்பம் வரைக்கும் மூச்சை விடவில்லை. திரும்பும்போது ஆக்சிலேட்டரைத் தளர்த்தி மெதுவாக ஏற்றினேன், நீ மேட்டில் ஏற்றுவதுபோல. நழுவினால் இதோ இப்போது நழுவ வேண்டும் என்று நினைத்த இடம் வந்தது. போனது. வண்டி இரண்டாவது கியரிலேயே வந்து நின்றது. சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டர் எழுதுகிற பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷத்துக்கு எழுதினார்.

முகிலனுக்கு அங்கிருந்தே போன் செய்தேன்.

“நெஜமாவே நீயே ஓட்டுனியா?”

“பேச்சை எடுக்கக் கூடாதுன்னு கை கொடுத்திருக்க.”

“எடுக்கல, எடுக்கல. ஹெல்மெட்டாவது புதுசா ஒண்ணு வாங்கித் தரேன், அதுக்காவது சரின்னு சொல்லும்மா.”

சரி என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் போல்ட்டை இந்த முறை எப்படி இறுக்கினேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சாக்கெட்டின் பிடியை நடுவில் பிடித்து, ஒரு கையால். வாஷர் நசுங்கி உட்காருவது விரலுக்குத் தெரிந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். இன்னும் கொஞ்சம் என்று கை கேட்டது, கொடுக்கவில்லை. மூன்று நாளாகத் தரையில் காகிதம் விரித்து வைத்திருக்கிறேன். ஒரு சொட்டு இல்லை.

வருஷா வருஷம் வடித்துவிடுவேன், நூரு. ஐந்து வருஷம் கழித்து, எனக்கு அறுபத்து ஒன்பதாகும்போது, அதே மைதானத்தில் அதே வரிசையில் போய் நிற்பேன். யார் வேண்டுமானாலும் சிரிக்கட்டும். என்றாவது என் விரல்களும் மரத்துப்போகலாம். அப்போது, “இறுகிடுச்சு, போதும், கையை எடு” என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமுள்ள ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். உனக்கு நான் அப்படி இருக்கவில்லை. எனக்கு அப்படி ஒருத்தி இருப்பாள். இது வாக்கு.

உன்னைவிட ஒன்பது மாதமே மூத்தவளானாலும் விட்டுக்கொடுக்காத,
உன் அக்கா
கஸ்தூரி
மந்தாரக்குப்பம்